யாழ்ப்பாணத்து வளவில் மஞ்சள் மூங்கில்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சென்ற ஞாயிறு இதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்று, வீட்டு வளவுகளில் அழகுக்காக நட்டிருக்கும் மஞ்சள் மூங்கில்களை வேரோடு தோண்டி எறிந்துவிட வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தது. மூங்கில் கிணற்றை வற்றச் செய்யும், மதிலைச் சாய்க்கும், பாம்பை அண்ட வைக்கும், பூத்தால் ஊருக்குப் பஞ்சம் கொண்டுவரும் என்று நான்கு குற்றங்களை அக்கடிதத்தை எழுதிய அன்பர் அடுக்கியிருந்தார். மதிலைப் பற்றி அவர் எழுதியது உண்மை. அதற்கு நானே கைக்காசு இழந்த சாட்சி. ஆனால் அந்தக் குற்றம் மூங்கிலுடையதன்று, எங்கே நடுவது, எப்படிப் பேணுவது என்று அறியாமல் நட்ட என் போன்றோருடையது. ஏனைய மூன்றையும் அவர் எழுதியபடியே ஏற்பதற்கில்லை. நான் தாவரவியல் படித்தவனல்லன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். உரும்பிராயில் உள்ள என் நாலு பரப்பு வளவில் பல ஆண்டுகளாக மூங்கிலோடு மல்லுக்கட்டி வருகிறேன் என்பது மட்டுமே இதை எழுத எனக்குள்ள தகுதி.

என் பிழையை முதலிற் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டு மாரிக்கு முன்னர், பூங்கன்று விற்கும் ஓரிடத்தில் “குட்டை மஞ்சள் மூங்கில், ஆளுயரத்துக்கு மேல் வராது” என்று சொல்லித் தந்த கன்றை வாங்கி வந்து, அடிவளவில் பின்மதிலுக்கு இரண்டரை அடி தள்ளி நட்டேன். மூன்றாம் ஆண்டில் அது என்னை விஞ்சியது. ஐந்தாம் ஆண்டில் கூரையை விஞ்சியது. ஆறாம் ஆண்டு மாரியில் சீமெந்துக் கல்லால் கட்டிய மதில் அயல் வளவுப் பக்கம் வயிறு தள்ளி வெடித்தது. வேலிச் சண்டைக்குப் பேர்போன எங்கள் ஊரில் இதன் விளைவு என்ன என்பதை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு கூலியாட்கள் அலவாங்கும் பிக்கானும் கோடாரியுமாக மூன்று நாள் பாடுபட்டுத்தான் அந்தப் பற்றையைக் கிளப்பினார்கள். அதிலிருந்து பிரித்த ஒரு துண்டை, வளவின் தென்மேற்கு மூலையில், எந்தக் கட்டடத்துக்கும் 12 அடிக்குக் குறையாத இடத்தில் நாட்டினேன். அது இன்றுவரை ஒருவருக்கும் தொல்லை தராமல் நிற்கிறது. இரண்டும் ஒரே செடிதான், ஒரே மண்தான். மாறியது இடமும் என் கவனிப்பும் மட்டுமே.

நம் பகுதியில் மஞ்சள் மூங்கில் என்று பொதுவாக வழங்குவது, தாவரவியலார் பம்பூசா வல்காரிஸ் எனப் பெயரிட்ட மூங்கிலின் விட்டாட்டா என்னும் வகை. பொன்மஞ்சள் நிறத் தடியில், யாரோ தூரிகையை மேலிருந்து கீழே இழுத்துவிட்டதுபோலப் பச்சைக் கோடுகள் ஓடும். எந்த இரண்டு கணுவிடைகளிலும் கோடுகள் ஒரேமாதிரி அமைவதில்லை என்பதே அதன் அழகு. தென்சீனத்தையும் இந்தோசீனப் பகுதியையும் சேர்ந்த இந்த இனம் இன்று வெப்ப நாடுகள் எங்கும் நடப்படுகிறது. நல்ல நீரும் மண்ணும் வாய்த்த இடங்களில் 10 முதல் 20 மீற்றர் வரை உயரும். தடியின் குறுக்களவு 4 முதல் 10 சென்ரிமீற்றர் வரை இருக்கும். என் வளவின் செம்மண்ணில் அது 30 அடியோடு நின்றுவிட்டது. ஆகவே “குட்டை மூங்கில்” என்று சொல்லி யாரேனும் கணுவிடையில் பச்சைக் கோடு போட்ட மஞ்சள் தடியை நீட்டினால், கன்று சிறிதாக இருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம்.

இச்செடியைச் சரியாகப் பேண வேண்டுமானால் அது வளரும் முறையை அறிந்திருக்க வேண்டும். புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் நம் பழைய இலக்கணகாரர் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்தான். பனையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது: வடலியாக நிற்கும்போதே பனையின் அடி பருத்துவிடும், பிறகு அது உயருமேயன்றி வேம்பைப் போல ஆண்டுக்காண்டு பருப்பதில்லை. மூங்கில் இதிலும் ஒரு படி மேலே போய், மண்ணைப் பிளந்து வெளிவரும் முளையிலேயே தன் முழுப் பருமனையும் கொண்டுவந்துவிடுகிறது. அந்த முளை இரண்டு மூன்று மாதங்களுக்குள் முழு உயரத்தையும் அடைந்து, கிளைவிட்டு, பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகள் உள்ளே முற்றி வைரம் ஏறுகிறது. ஒருமுறை உயர்ந்து முடிந்த தடி மறுபடி உயர்வதில்லை. இதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 12 அடி உயரமே போதும் என்று நினைப்பவர், முளை உயர்ந்து முடிந்தபின் அந்த உயரத்தில் ஒரு கணுவுக்கு மேலே தலையை வெட்டிவிட்டால், அந்தத் தடி சாகும்வரை 12 அடியிலேயே நின்று பக்கக் கிளைகளை அடர்த்தியாக விடும். கிளுவை வேலியைப் போல மாதந்தோறும் கத்தியோடு நிற்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மாரியில் வரும் புதிய முளைகளை அப்போது தனியாக வெட்ட வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

மூங்கில்களில் நிலத்தடித் தண்டின் இயல்பைக் கொண்டு இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று, நிலத்தடியில் நீளமாக ஓடி, எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும் ஓடு மூங்கில். வெளிநாடுகளில் அயலாரோடு வழக்காடும் நிலைவரை கொண்டுபோய், மண்ணுக்குள் பிளாஸ்ரிக் தடுப்புப் புதைக்க வைப்பது பெரும்பாலும் இந்தப் பிரிவுதான். அவற்றிற் பல குளிர்ந்த காலநிலைக்குரியவை. மற்றையது, கட்டையான தண்டோடு ஓரிடத்திலேயே குவிந்து பெருகும் பற்றை மூங்கில். நம் மஞ்சள் மூங்கில் இரண்டாவது பிரிவைச் சேர்ந்தது. அது ஓடுவதில்லை, ஆயினும் ஆண்டுதோறும் வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக அகலும். கை முட்டியைவிடப் பெரிய அதன் நிலத்தடிக் கட்டைகள் ஒன்றையொன்று நெருக்கி, இடமில்லாதபோது அருகிலுள்ளதைத் தள்ளும். என் மதிலைத் தள்ளியது வேரன்று, இந்தக் கட்டைகளே. எனவே மதில், கிணற்றுக் கட்டு, மலக்குழி, வீட்டு அத்திவாரம் ஆகியவற்றிலிருந்து 10 அடியாவது தள்ளி நட வேண்டும். மின்கம்பிக்குக் கீழே நடவே கூடாது. இவ்வளவு இடமில்லாத சிறு வளவுக்காரருக்கு வேறு வழிகள் உண்டு. அவற்றைப் பின்னர் சொல்கிறேன்.

கிணற்றைப் பற்றி அன்பர் கொண்ட அச்சம் நியாயமான கவலையிலிருந்து பிறந்தது என்பதை மறுக்க மாட்டேன். சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரைத் தவிர நமக்கு வற்றாத ஆறோ பெருங்குளமோ இல்லை. அந்த நன்னீரும் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலமாகவே இருக்கிறது. மூங்கில் தண்ணீர் விரும்பும் செடிதான். ஆனால் அதற்கு ஆணிவேர் இல்லை. நார்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு அடிக்குள்ளேயே பரவி நிற்கும். வலிகாமத்துக் கிணறுகளில் கோடையில் நீர் நிற்கும் ஆழத்தைப் பார்த்தவர், அந்த வேர் அங்கே இறங்கிக் குடிக்கிறது என்று சொல்ல மாட்டார். அது குடிப்பது மேல்மண்ணின் ஈரத்தையும் நாம் ஊற்றுவதையுமே. அதனால்தான் பக்கத்தில் நிற்கும் மல்லிகையும் கறிமுருங்கையும் வாடும், கிணறு வாடாது. கிணற்றடியில் நட வேண்டாம் என்று நானும் சொல்வேன், வேறு காரணத்துக்காக: ஆண்டு முழுவதும் கொட்டும் மெல்லிய சருகு கிணற்றில் விழுந்து அழுகும், மூங்கிற் கட்டைகள் கிணற்றுக் கட்டினை நெருக்கும்.

பாம்பு மூங்கிலைத் தேடி வருவதில்லை. சருகு மெத்தைக்குள் ஒதுங்கும் எலியையும் தவளையையும் தேடி வருகிறது. பற்றையின் அடியை முழங்கால் உயரம்வரை சிறுகிளை நீக்கி, உள்ளே வெளிச்சம் தெரியும்படி வைத்திருந்தால், எந்தச் செடியின் கீழும் உள்ள அளவு ஆபத்தே இதன் கீழும் உண்டு.

பூத்தால் பஞ்சம் என்ற கதை மிசோரத்திலிருந்து வந்தது. அங்குள்ள மெலோகானா என்னும் மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைமலையாக ஒரே காலத்தில் பூத்துக் காய்க்கிறது. கொழுத்த அதன் காய்களைத் தின்று எலிகள் பெருகி, காய் முடிந்ததும் வயலுக்குள் இறங்கி நெல்லை அழிக்கின்றன. 1959இல் அப்படி வந்த பஞ்சம் அந்த மாநிலத்தின் அரசியலையே மாற்றியது. அது உண்மை வரலாறு. ஆனால் நம் வளவில் நிற்கும் மூங்கில் பூப்பதே மிக அரிது; பூத்தாலும் விதை வைப்பதில்லை. விதையில்லாத இடத்தில் எலிக்கு என்ன விருந்து? மூங்கில் பாடைக்குரியது, வீட்டு வாசலில் ஆகாது என்று என் மாமியும் முன்பு முகம் சுளிப்பார். தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலின் தலவிருட்சமே மூங்கில்தான், அந்த ஊருக்கு வேணுவனம் என்றும் ஒரு பெயர் உண்டு, நம் தின்னவேலிக்கும் அதே ஊர்ப்பெயர்தானே என்று நான் சொன்ன நாள் முதல் அவர் வாய்திறப்பதில்லை. சம்மதித்தாரா, சலித்துவிட்டாரா என்று நானும் கேட்கவில்லை.

இனி, நட விரும்புவோர் எதைத் தெரிவது என்பது. கல்விச் சுற்றுலாவில் பேராதனைப் பூங்காவுக்குப் போய், மகாவலிக் கரையில் நிற்கும் இராட்சத மூங்கிலைக் கண்டு, அதன் தடியில் பெயர் கீறிவிட்டு வந்த தலைமுறை நாங்கள். (அந்தக் கீறல்களை இன்று நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.) அங்கே தடிகள் 25 மீற்றருக்கு மேல் உயர்ந்து, ஒருவரின் இரு கைப்பிடிக்குள்ளும் அடங்காத பருமனோடு நிற்பதற்கு ஆற்று ஈரமும் மலைநாட்டு மழையுமே காரணம். ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் ஆண்டு மழையின் பெரும்பங்கும் கொட்டி முடிந்து, பின்னர் மாதக்கணக்கில் வானம் பார்க்கும் நம் நிலத்தில் அதை நடுவது செடிக்கும் துன்பம், நமக்கும் துன்பம். புத்தர் வயிறு எனப்படும் மூங்கிலில் இரண்டு உண்டு. மஞ்சள் மூங்கிலின் உடன்பிறப்பான வாமின் என்னும் வகை, நிலத்தில் நட்டாலும் கணுவிடை புடைத்தே வளரும். மற்றையதான வென்றிக்கோசா, சாடியில் வைத்துத் தண்ணீரைக் குறைத்து வருத்தினால் மட்டுமே வயிறு வைக்கும். இரக்கப்பட்டு நிலத்தில் இறக்கிவிட்டால் மெலிந்து நிமிர்ந்துவிடும். பணம் கொடுக்குமுன் எது என்று கேட்டு வாங்குவது நல்லது. கடைகளில் கண்ணாடிச் சாடியில் சிவப்பு நாடா கட்டி விற்கும் “அதிர்ஷ்ட மூங்கில்” மூங்கிலே அன்று. அது ஆபிரிக்காவைச் சேர்ந்த டிரசீனாச் செடி. அதை வெளியே வெயிலில் நட்டுவிட்டு மூங்கில் கருகிவிட்டது என்று வருந்துவோரைக் கண்டிருக்கிறேன்.

சிறு வளவுக்கு ஏற்றது பம்பூசா மல்ரிப்பிளெக்ஸ் என்னும் வேலி மூங்கில். விரற்பருமனான தடிகள், இறகு போன்ற இலை, 10 முதல் 20 அடி உயரம், கத்தரிப்புக்குப் பணியும் குணம். இதிலும் அல்போன்ஸ் கார் என்ற மஞ்சள் தடி வகை உண்டு. அதன் இளந்தடி வெயில் பட்டால் இளஞ்சிவப்பு ஏறும். மதிலிலிருந்து 4 அடி தள்ளி, 3 அடிக்கு ஒன்றாக வரிசையில் நட்டால், சில ஆண்டுகளில் ஒழுங்கையில் போவோர் பார்வைக்கு உள்முற்றம் தெரியாது. மதிலுக்கு மேல் தகரம் அடித்து உயர்த்துவதைவிட இது கண்ணுக்குக் குளிர்ச்சி. வைகாசி பிறந்ததும் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகத்தில் வாழையிலை கிழிந்து நாராவதைக் காணும் நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரர், தோட்டத்தின் அந்தப் பக்க எல்லையில் இதை ஒரு வரிசை நட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். வேலியோரத்துப் பூவரசும் கிளுவையும் இதற்காக வெட்டப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குழைக்கும் ஆட்டுத் தீனிக்கும் அவற்றை விஞ்ச எதுவுமில்லை.

மஞ்சள் மூங்கிலுக்குக் கன்று விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. நாம் கதியால் நட்டே வேலி வளர்த்த மக்கள். தடி வெட்டி முளைக்க வைப்பது நமக்குக் கைவந்த கலை. ஆயினும் கதியாலைப் போல இதை நிமிர்த்திக் குத்திவிட்டு மறந்துவிட முடியாது. ஆவணி பிறந்ததும், ஒன்று முதல் இரண்டு வயதான, கணுவில் மொட்டுப் பழுதில்லாத தடியைத் தெரிந்து வெட்ட வேண்டும். இவ்வாண்டு வந்த இளந்தடி அழுகிவிடும். நான்கு வயதுத் தடியின் மொட்டு உறங்கிப் போயிருக்கும். நுனிப்பகுதியைக் கழித்துவிட்டு, துண்டுக்கு இரண்டு கணு அமையும்படி வாளால் அரிந்து, கிளைகளை மொட்டுக்கு ஊறு வராமல் இரண்டு அங்குலம் விட்டு நறுக்க வேண்டும். இரு கணுவுக்கும் நடுவே விரல் நுழையுமளவு துளையிட்டு, உள்ளே தண்ணீர் நிரப்பி, களிமண்ணால் அடைத்துவிட்டு, துளை மேலே பார்க்க நாலு அங்குல ஆழச் சாலில் படுக்க வைத்து மூடிவிட வேண்டும். மேலே கிடுகால் ஒரு சிறு பந்தல். மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது.

இங்கேதான் பலரும் ஏமாறுவது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பசுமையாகத் துளிர் வந்துவிடும். அதைக் கண்டு கன்று பிழைத்துவிட்டது என்று நான் முதன்முறை மூன்றாம் வாரத்திலேயே ஏழு துண்டுகளைக் கிளப்பி நட்டேன். ஏழும் பத்து நாளில் சருகாயின. தடியில் சேர்ந்திருக்கும் மாப்பொருளைக் கொண்டே அந்தத் துளிர் வருகிறது. வேர் பின்னரே வரும். துளிரின் அடியிலிருந்து இரண்டாவதாக ஒரு புதிய முளை மண்ணைப் பிளந்து வரும்வரை, ஏறக்குறைய மூன்று மாதம், பொறுத்திருக்க வேண்டும். ஆவணியில் வைத்தால் ஐப்பசிக் கடைசியில் அல்லது கார்த்திகையில் கன்று தயாராகும். மழையும் அப்போது தயாராக இருக்கும். இந்தப் பொருத்தத்துக்காகவே ஆவணியைச் சொன்னேன். காத்திருக்க மனமில்லாதவர், மாரி தொடங்கும்போது பற்றையின் ஓரத்திலிருந்து ஒரு வயதுத் தடியை அதன் நிலத்தடிக் கட்டையோடு பிரித்து, நாலு அடிக்கு மேல் தலையை வெட்டிவிட்டு நேரே நடலாம். அது உறுதியான வழி. ஆனால் முதுகு நோகும்.

குழி ஆழத்தைவிட அகலமாக இருப்பதே முக்கியம். மூன்று அடி அகலமும் இரண்டு அடி ஆழமும் போதும். வலிகாமத்துச் செம்மண்ணில் இது சிரமமில்லை. ஓர் அடியிலேயே கல் தட்டும் இடங்களில் ஆழம் குறைந்தால் அகலத்தைக் கூட்டி, சுற்றிவர மண் அணைத்து மேடாக்கிக் கொள்ளலாம். புகையிலைத் தோட்டத்துக்குக் குழை தாழ்த்தி வளர்ந்த நம் வழக்கம் மூங்கிலுக்கும் பொருந்தும்: அடியில் பூவரசங்குழை, அதன்மேல் மக்கிய மாட்டெரு, பிறகு மேல்மண். அடுப்புச் சாம்பலைச் செடியடியில் கொட்டும் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். மூங்கில் சற்றே புளித்த மண்ணை விரும்புவது. நம் சுண்ணக்கல் மண்ணுக்குச் சாம்பலும் சேர்ந்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்துவிடும். அதற்கு மருந்து மேலும் குழையும் கூட்டெருவுமே. உவர் நீருக்கும் மூங்கில் ஈடுகொடுக்காது; இலை நுனி தீய்ந்து கொண்டே வரும். ஆதலால் வேலணை, புங்குடுதீவு, காரைநகர்ப் பகுதியில் நன்னீர்க் கிணறு வாய்த்தவர் மட்டும் முயல்வது நல்லது.

முதல் இரண்டு கோடைகளைக் கடத்திவிட்டால் பெரும் வேலை முடிந்தது. அந்த இரு கோடையிலும் நான் வாரம் இருமுறை, செடிக்கு இரண்டு வாளி வீதம், குளித்த தண்ணீரையே வாய்க்கால் வெட்டி விட்டேன். தாகத்தைச் செடியே சொல்லும்: இலை நீளவாட்டில் சுருண்டு குழல்போலாகும், மாலையில் விரிந்தால் பொறுக்கலாம், காலையிலும் சுருண்டிருந்தால் அன்றே ஊற்ற வேண்டும். கோடையில் இலை ஓரளவு மஞ்சளித்து உதிர்வது இயல்பு. அதைக் கண்டு உரம் அள்ளிக் கொட்ட வேண்டாம். உதிரும் சருகைக் கூட்டி எரிப்பது பெரிய பிழை. தடிக்கு வலுவூட்டும் சிலிக்கா அந்தச் சருகில்தான் திரும்பி மண்ணுக்குப் போகிறது. அடியிலேயே மெல்லிதாகப் பரப்பி, மேலே சிறிது மாட்டெரு தூவிவிட்டால் ஈரமும் காயாது.

மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுக்கொருமுறை, மழை ஓய்ந்து புதுத்தடி முற்றத் தொடங்கியபின், மாசி பங்குனியில் பற்றையைத் திறக்க வேண்டும். நான்கு வயது கடந்து கோடுகள் மங்கி, தோல் வெளிறிய தடிகளை வெட்டி, நடுவில் காற்றுப் போக வழிவிடுங்கள். இளந்தடிகளை வெட்டிப் பழையதை விட்டுவைப்போர் பற்றையைத் தாங்களே கிழடாக்குகிறார்கள். முழுப்பச்சையாகத் தடியொன்று எப்போதாவது வந்தால் அதை அடியோடு நீக்கிவிட வேண்டும். விட்டால் வலுவான அந்தப் பச்சை மெல்ல மஞ்சளை விழுங்கிவிடும். இளமுளையின் மடலில் உள்ள கருமயிர் தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும். கையுறை இல்லாதவர் உரப்பைத் துண்டைச் சுற்றிக்கொண்டாவது வேலை செய்யலாம்.

வெட்டும் முறையில் ஒன்றை எல்லாரும் கவனிக்க வேண்டும். முந்தைய கடிதம் எழுதிய அன்பர் சொல்லாமல் விட்ட ஐந்தாவது குற்றம் இது. நிலத்துக்கு மேல் முதற்கணுவை ஒட்டி, கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கணுவிடையின் நடுவில் வெட்டினால், எஞ்சும் கட்டை ஒரு கிண்ணமாகி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டெங்கைப் பரப்பும் நுளம்புக்கு அதைவிட வசதியான தொட்டில் வேறில்லை. மாரிதோறும் டெங்கு தலையெடுக்கும் நம் மாவட்டத்தில் சிரட்டையையும் ரயரையும் கவிழ்த்து வைக்கிற நாம், மூங்கிற் கட்டையை மறந்துவிடுகிறோம். ஏற்கெனவே அப்படி வெட்டப்பட்டவை இருந்தால் மண் நிரப்பி அடைத்துவிடலாம்.

வெட்டிய தடி வீண்போகாது. பாகற்பந்தலுக்குக் கால், மாங்காய் பிடுங்கக் கொக்கத்தடி, ஏணி எல்லாம் ஆகும். பச்சையாக வைத்தால் உளுத்து மாவாகக் கொட்டும், ஏனெனில் மாப்பொருள் மிகுந்த இந்த இனத்தைப் பொடிவண்டு தேடிவந்து துளைக்கும். கிடுகு பின்ன ஓலையை ஊறப்போடுவதைப் போல, மூன்று நாலு வாரம் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துப் பின் நிழலில் உலர்த்தினால் மாப்பொருள் பெரிதும் கரைந்துவிடும். தேய்பிறை பார்த்து வெட்டுவதைவிட இது எனக்குப் பலன் தந்திருக்கிறது. தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டும் பேரப்பிள்ளைகள் என் மூங்கிலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சுவர் தடித்து, கணு நெளிந்து, நேராகப் பிளக்க வராது என்பது அவர்களுடைய முறைப்பாடு. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பறக்கும் பட்டங்களுக்குத் தேவை, மெல்லிதாகச் சீவினாலும் வளைந்து கொடுக்கும் வேறு மூங்கில்.

நிலமே இல்லாதவர் சீமெந்துச் சாடியில் வளர்க்கலாம். இரண்டு அடி அகலச் சாடி, அடியில் துளை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டையைப் பிளந்து பாதியை எடுத்துவிடுதல் என்ற மூன்றும் இருந்தால் போதும். பிளக்க மறந்தால் சாடி வெடிக்கும். அதற்கும் என் விறாந்தையில் ஒரு சாட்சி கிடக்கிறது.

ஆதலால், மூங்கிலைப் பிடுங்கியே தீருவேன் என்றிருக்கும் அன்பருக்கு என் வேண்டுகோள் இதுதான். மதிலை நெருக்கி நிற்கும் பற்றையை எடுத்தே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்தக் கோடையில் கைவைக்காமல் ஐப்பசி முதல் மழை வரை பொறுத்து, ஓரத்திலிருந்து தடியும் கட்டையுமாக இரண்டு மூன்று துண்டுகளைப் பிரித்தெடுத்தபின் மிகுதியைக் கிளப்புங்கள். துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் ஓரிரு நாள் தாங்கும்; அதற்குள் இடமுள்ள ஒருவர் வந்து எடுத்துச் செல்வார். எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீட்டார் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். அவர்களில் இருவருடைய வளவில், மதிலுக்கு 10 அடி தள்ளி, குழியளவை நானே கயிறு பிடித்துக் குறித்துக் கொடுத்தாயிற்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
உரும்பிராய்.